நகோடா மொழியைக் கற்ற வழிகள்: ஒரு வரலாறு

வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் வடபகுதியிலும் அதை அடுத்த ராக்கி மலையடிவாரத்திலும் வாழும் நகோடா மக்களின் மொழி, சூ மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. லக்கோட்டாவும் டக்கோட்டாவும் அதன் நெருங்கிய உறவுமொழிகள். ஒன்றில் ‘ல’, ஒன்றில் ‘ட’, ஒன்றில் ‘ந’ என முதல் ஒலி மாறினாலும் மூன்றும் ஒரே பெயர்தான். நட்பால் இணைந்தவர்கள் என்று பொருள். நகோடா மொழிக்குள் இரண்டு கிளைகள் உண்டு. அசினிபோயின் எனப்படும் கிளை அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஃபோர்ட் பெல்க்னாப், ஃபோர்ட் பெக் ஆகிய ஒதுக்கீட்டு நிலங்களிலும், கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் கேரி த கெட்டில், மஸ்கிட்டோ, ஓஷன் மேன், ஃபெசன்ட் ரம்ப், ஒயிட் பேர் முதலிய ஊர்களிலும் வழங்குகிறது. ஸ்டோனி எனப்படும் மற்றக் கிளை, ஆல்பர்ட்டா மாகாணத்தில் கால்கரி நகருக்கு மேற்கே மோர்லியிலும் அதைச் சார்ந்த ஈடன் வேலி, பிக்ஹார்ன் குடியிருப்புகளிலும், வடக்கே அலெக்சிஸ், பால் ஆகிய இரண்டு சமூகங்களிலும் பேசப்படுகிறது.

அசினிபோயின், ஸ்டோனி ஆகிய இரண்டு பெயர்களையும் இம்மக்கள் தமக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. ஒஜிப்வே மக்கள் இவர்களைக் ‘கல் சூக்கள்’ என்று அழைத்தார்கள். அந்தச் சொல் பிரெஞ்சுக்காரர் வாயில் அசினிபோயின் ஆயிற்று. கல் என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர் ஸ்டோனி என்றார்கள். 1640ஆம் ஆண்டின் யேசு சபைக் குறிப்புகளில் இம்மக்கள் முதன்முதலாக ஐரோப்பியர் ஏட்டில் இடம்பெற்றபோதும் அயலார் சொன்ன பெயரோடுதான் இடம்பெற்றார்கள். அடுத்த இருநூற்றைம்பது ஆண்டுகளும் ஏறக்குறைய இப்படியே போயின. வெளியார் இம்மக்களோடு வணிகம் செய்தார்கள், மதம் பரப்பினார்கள், உடன்படிக்கை எழுதினார்கள், இவர்களை வழிகாட்டியாகக் கொண்டு மலைகளை அளந்தார்கள். நகோடா மொழியைக் கற்றவர் மட்டும் அவர்களில் மிகச் சிலர். பிறர் மொழியைக் கற்கும் பாரத்தை நகோடா மக்களே சுமந்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தம் சொந்த மொழியைப் பாடமாகக் கற்க வேண்டியிருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அசினிபோயின் மக்கள் கிரீ மக்களின் நெருங்கிய கூட்டாளிகளாக இருந்தார்கள். கிரீ மொழி முற்றிலும் வேறான அல்கோன்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஒலி, இலக்கணம், சொல் எதிலும் நகோடாவோடு தொடர்பில்லாதது. ஆனாலும் இரு மக்களும் சேர்ந்தே வேட்டையாடினார்கள், போருக்குப் போனார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இரண்டு மொழிகளும் ஒரே கூடாரத்தில் ஒலித்த குடும்பங்கள் பல இருந்தன. ஹட்சன் விரிகுடாக் கரையில் ஆங்கிலக் கம்பெனி நிறுவிய யார்க் ஃபேக்டரி என்ற வணிகத் தளத்துக்கு இரு மக்களும் தோல்களைக் கொண்டுவந்தார்கள். அங்கே பேச்சு கிரீ மொழியில் நடந்தது. 1690 முதல் 1692 வரை கம்பெனிக்காக உள்நாட்டில் பயணம் செய்து புல்வெளியை எட்டிய ஹென்றி கெல்சி அசினிபோயின் மக்களோடும் இருந்தவர்தான். ஆனால் அவர் தொகுத்ததாக அறியப்படும் அகராதி கிரீ மொழிக்கானது. கம்பெனிக்கு ஒரு மொழி போதுமாக இருந்தது. அதைக் கற்றுக்கொள்வது அசினிபோயின் வணிகரின் பொறுப்பாயிற்று.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கியது என்பதை 1738ஆம் ஆண்டின் ஒரு பயணம் காட்டிவிட்டது. பிரெஞ்சுத் தளபதி லா வெராந்திரி அந்த இலையுதிர் காலத்தில் மிசௌரி ஆற்றங்கரையில் இருந்த மாண்டன் என்ற மக்களின் ஊர்களை நோக்கிப் புறப்பட்டார். நூற்றுக்கணக்கான அசினிபோயின் மக்கள் அவருடன் நடந்தார்கள். மாண்டன் மொழி அவர் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் பேச்சு மூன்று படிகளைத் தாண்டிப் போனது. தளபதியின் மகன் கேள்வியைக் கிரீ மொழியில் சொல்வார். கூலிக்கு அமர்த்தப்பட்ட கிரீ இளைஞர் அதை அசினிபோயின் மொழியில் சொல்வார். அசினிபோயின் அறிந்த மாண்டன்காரர்கள் அதைப் புரிந்துகொண்டு பதில் சொல்வார்கள். பதிலும் இதே வழியில் திரும்பி வரும். மாண்டன் ஊரில் அசினிபோயின் பேசக்கூடியவர் பலர் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஐரோப்பியர் காலடி படுவதற்கு முன்பே அந்த வணிகப் பாதையில் நகோடா ஒரு பொதுமொழியாகப் பயன்பட்டது என்பதற்கு இது சான்று. பேச்சு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் அசினிபோயின் கூட்டம் ஊர் திரும்பியபோது, தான் விரும்பிய அசினிபோயின் பெண் ஒருத்தியின் பின்னால் அந்தக் கிரீ இளைஞரும் போய்விட்டார். முன்பணம் கொடுத்திருந்தும், மேலும் தருவதாகச் சொல்லியும் அவர் நிற்கவில்லை. அன்று முதல் தளபதிக்குச் சைகைதான் கதி. தாம் கேட்க வந்தவற்றில் பெரும்பகுதியைக் கேட்காமலே அவர் திரும்ப நேர்ந்தது. ஆனால் பாடம் கற்றுக்கொண்டார்: மொழி பயில்வதற்காகத் தம் ஆட்களில் இருவரை மாண்டன் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார். ஊரில் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, காதால் கேட்டுக் கற்கும் இந்த முறைதான் அந்தக் காலத்தில் பலன் தந்த ஒரே முறை.

சைகை என்றதும் வாய்ப்பேச்சு இல்லாத குறைக்கு ஒரு மாற்று என்று எண்ணிவிடக் கூடாது. சமவெளி மக்களிடையே வழங்கிய சைகை மொழி தனக்கென ஒழுங்கான சொற்களும் வாக்கிய அமைப்பும் கொண்ட முழு மொழி. மொழி தெரியாத அயலாரோடு பேசவும், காது கேளாத உறவினரோடு பேசவும், வேட்டையில் ஓசையின்றிப் பேசவும் அது பயன்பட்டது. 1881இல் காரிக் மாலரி வெளியிட்ட பெரிய தொகுப்பில் அசினிபோயின் சைகைகளும் பதிவாகியுள்ளன. இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் பரவியபோது இம்மொழி மறைந்துவிட்டது என்றே பலர் எழுதினார்கள். அது உண்மையன்று. 1980களில் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா ஃபார்னெல் ஃபோர்ட் பெல்க்னாப் சென்றபோது, நகோடா மொழியில் கதை சொல்லும் முதியவர்கள் வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் சொல்வதைக் கண்டார். ஒருவர் வடக்கே போனார் என்று கதை வந்தால், சொல்பவர் எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருந்தாலும் கை உண்மையான வடக்கை நோக்கியே போகும். கேட்பவருக்குத் திசை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கதை பாதிதான் விளங்கும். இந்த ஆய்வு 1993இல் காணொளிகளோடு கூடிய குறுந்தகடாகவும் 1995இல் நூலாகவும் வந்தது. ஒலியை மட்டும் பதிவு செய்து வைத்த பழைய ஆவணங்களில் எவ்வளவு விடுபட்டுப் போயிருக்கும் என்பதை அதன் பிறகுதான் பலர் உணர்ந்தார்கள்.

நகோடா மொழி எழுத்தில் பதிவான இடங்களுள் ஒன்று மிசௌரி ஆற்றின் மேல்பகுதியில் இருந்த ஃபோர்ட் யூனியன் வணிகக் கோட்டை. 1833இல் ஓவியர் கார்ல் போத்மரோடு அங்கே வந்த ஜெர்மானிய இளவரசர் மாக்சிமிலியன் அசினிபோயின் சொற்களைக் குறித்துக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1837இல், ‘செயின்ட் பீட்டர்ஸ்’ என்ற நீராவிப் படகு பெரியம்மையைச் சுமந்துகொண்டு அதே கோட்டைக்கு வந்தது. அந்த நோயில் அசினிபோயின் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1780களின் தொடக்கத்திலும் இதே நோய் அவர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. கதை சொல்லும் பாட்டிகள், சடங்குச் சொற்களை அறிந்த முதியவர்கள், அவற்றைக் கேட்டு வளர வேண்டிய குழந்தைகள் என மூன்று தலைமுறையும் ஒருசேரக் குறைந்தன. மொழி ஒன்று நலிந்ததன் காரணங்களைப் பேசும்போது பள்ளிகளைப் பற்றி உடனே பேசுகிறோம். இந்த மரணங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

பெரியம்மை வந்த அதே 1837இல் ஃபோர்ட் யூனியனில் கணக்கராகச் சேர்ந்தவர் எட்வின் டெனிக். பிறகு அந்தக் கோட்டையின் தலைவராக உயர்ந்தார். அசினிபோயின் பெண்ணை மணந்து, அவர் உறவினரோடு இரு பத்தாண்டுகள் வாழ்ந்து மொழியைக் கற்றவர். அமெரிக்க அரசுக்காகப் பழங்குடிச் செய்திகளைத் திரட்டிய ஸ்கூல்கிராஃப்ட் அனுப்பிய 348 கேள்விகளுக்கு அவர் எழுதிய நீண்ட விடை, அசினிபோயின் வாழ்க்கை பற்றிய முதல் விரிவான நூல் எனலாம். அது அச்சேறியது 1930இல்தான். அவர் தொகுத்த சொற்பட்டியல் மட்டும் 1854இலேயே வெளிவந்தது. டெனிக் போன்ற வணிகர்களின் பின்னால் இருந்த ஆசிரியர்கள் அவர்களுடைய மனைவியரும் மாமியார்களும்தான். தோல் வணிகக் காலம் முழுவதும் இப்பெண்களே உண்மையான மொழிபெயர்ப்பாளர்கள். ஆயினும் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

இந்த இடத்தில் தமிழோடு நேரான ஒரு தொடர்பும் ஏற்பட்டது. மானிடவியலின் முன்னோடிகளுள் ஒருவரான லூயிஸ் ஹென்றி மோர்கன், உலக மக்களின் உறவுமுறைச் சொற்களை ஒப்பிடும் பெரும்பணியில் ஈடுபட்டிருந்தார். 1859இல் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்து மிஷனரி ஒருவரிடமிருந்து தமிழ் உறவுச்சொற்களைப் பெற்றார். 1862இல் மிசௌரி ஆற்றில் மேல்நோக்கிப் பயணம் செய்து சமவெளி மக்களின் சொற்களைத் திரட்டினார். 1871இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் அட்டவணைகளில் தமிழும் உண்டு, அசினிபோயினும் உண்டு. அப்பாவின் சகோதரரை அப்பா என்ற சொல்லாலும், அம்மாவின் சகோதரியை அம்மா என்ற சொல்லாலும் அழைத்து, மாமனையும் அத்தையையும் மட்டும் வேறாகப் பிரிக்கும் வழக்கத்தைப் பல பழங்குடி மொழிகளிலும் தமிழிலும் கண்டு அவர் வியந்தார். அதை வைத்து அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்ததை நிறுவிவிடலாம் என்று அவர் எண்ணியது பிழை. தொடர்பே இல்லாத மக்களிடமும் இந்த முறை தனித்தனியே தோன்றக்கூடும். ஆனால் அவர் கண்ட ஒற்றுமை உண்மையானது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு நகோடா வீட்டின் உறவுமுறை விளங்க அதிக நேரம் ஆகாது.

மலையடிவாரத்து ஸ்டோனி மக்களின் வரலாறு சற்று வேறுவிதம். 1840இல் மெதடிஸ்ட் மதபோதகர் ராபர்ட் ரண்டில் எட்மன்டன் கோட்டைக்கு வந்தார். அதே ஆண்டில் நார்வே ஹவுஸ் என்ற இடத்தில் ஜேம்ஸ் எவன்ஸ் கிரீ மொழிக்காக அசை எழுத்து முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். கற்க எளிதான அந்த எழுத்து முகாமுக்கு முகாம் பரவியது. ஸ்டோனி மக்களுக்கும் வேதமும் பாடலும் அந்த எழுத்தில், கிரீ மொழியிலேயே போய்ச் சேர்ந்தன. 1850களில் அவர்களைக் கண்ட பயணிகள், அருகே போதகர் யாரும் இல்லாதபோதும் அவர்கள் காலையும் மாலையும் கூடி வழிபட்டதைக் குறித்திருக்கிறார்கள். 1873இல் மெக்டூகல் குடும்பத்தார் மோர்லியில் மிஷனை நிறுவியபோதும் கிரீயே நடுமொழியாகத் தொடர்ந்தது. கடவுளோடு பேசவும் ஸ்டோனி மக்கள் இன்னொருவர் மொழியைக் கற்க வேண்டியிருந்தது.

வழிகாட்டிகளின் கதையிலும் இதையே காணலாம். பாலிசர் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெக்டர் 1858இல் ராக்கி மலைக் கணவாய்களைக் கடந்தது ஒரு ஸ்டோனி வேட்டைக்காரரின் துணையோடு. மழுங்கிய அம்பு போன்ற கட்டைவிரல் உடையவர் என்று பொருள்படும் அவருடைய பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை. அதனால் பைபிளில் வரும் வேட்டைக்காரனின் பெயரால் அவரை ‘நிம்ரோட்’ ஆக்கிவிட்டார்கள். வரலாற்று நூல்களில் இன்றும் அவர் நிம்ரோட்தான். 1882இல் டாம் வில்சன் என்ற வெளியாரை லூயிஸ் ஏரிக்கு அழைத்துச் சென்றவரும் ஸ்டோனி வழிகாட்டியே. ஸ்டோனி மக்கள் அந்த ஏரியைச் சிறுமீன் ஏரி என்று அழைத்தார்கள்; நிலப்படத்திலோ ஒரு ஆங்கில இளவரசியின் பெயர் ஏறியது.

சொல் போதாத இடத்தில் கோடு பேசியதற்கும் ஒரு சான்று உண்டு. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மேரி ஷாஃபர், சாபா இம்னே என்று ஸ்டோனி மக்கள் அழைத்த ஏரியை 1907இல் தேடிக் காணாமல் திரும்பினார். சாபா என்றால் பீவர் என்னும் நீர்விலங்கு. அந்த ஆண்டில் சாம்சன் பீவர் என்ற ஸ்டோனி வேட்டைக்காரரைச் சந்தித்து வழி கேட்டார். சிறுவயதில் தந்தையோடு ஒரே ஒருமுறை போய்வந்த நினைவைக் கொண்டு அவர் மலைகளையும் ஆறுகளையும் காகிதத்தில் வரைந்து கொடுத்தார். 1908இல் அந்தப் படத்தைப் பின்பற்றி ஷாஃபரின் குழு ஏரியை அடைந்தது. இன்று மலீன் ஏரி என்று உலகம் அறியும் இடம் அது. ஷாஃபர் அந்த மக்களின் நண்பராக இருந்தவர். மலைப் பெண் என்ற பொருளில் அவருக்கு ஸ்டோனி மொழியில் பெயரும் வைத்திருந்தார்கள்.

வழிகாட்டியின் பெயரைத் தவறாகச் சொல்வதால் யாருக்கும் நிலம் போகாது. உடன்படிக்கையில் மொழி தவறினால் போகும். 1877 செப்டம்பர் 22 அன்று போ ஆற்றங்கரையில் பிளாக்ஃபுட் கிராசிங் என்ற இடத்தில் ஏழாம் உடன்படிக்கை கையெழுத்தானது. அரசின் சார்பில் டேவிட் லேர்டும் ஜேம்ஸ் மெக்லியடும் வந்தார்கள். ஸ்டோனி மக்களின் சார்பில் பேர்ஸ்பா, சினிக்கி, குட்ஸ்டோனி ஆகிய மூன்று பிரிவுகளின் தலைவர்கள் குறியிட்டார்கள். ஸ்டோனி தரப்புக்குத் துணையாக நின்றவர் மோர்லி மிஷனின் ஜான் மெக்டூகல். அவருக்குத் தெரிந்த மொழி கிரீ, ஸ்டோனி அன்று. இதை ஸ்டோனி முதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். ஆங்கிலச் சட்டச் சொற்கள் கிரீயாகி, கிரீ அறிந்த தலைவர்கள் அதை மனத்துக்குள் ஸ்டோனியாக்கி, பிறகு தம் மக்களுக்குச் சொன்னார்கள். நிலத்தை முற்றாக ஒப்படைத்தல் என்ற கருத்துக்கு இந்தப் பாதையின் எந்தப் படியிலும் ஈடான சொல் இருந்திருக்க முடியாது. தாங்கள் கையெழுத்திட்டது சமாதானத்துக்காக, நிலத்தை விட்டுக்கொடுப்பதற்காக அன்று என்பதே ஸ்டோனி மக்களின் நிலைப்பாடு. மூன்று பிரிவுகள் தனித்தனி நிலங்களில் வேட்டையாடி வாழ்ந்தவை. அவை அனைத்துக்கும் மோர்லியில் ஒரே இடம் ஒதுக்கப்பட்டதும் இந்தக் குழப்பத்தின் விளைவே என்று குட்ஸ்டோனி பிரிவின் தலைவர் ஜான் ஸ்னோ 1977இல் எழுதிய நூலில் வாதிட்டார். தெற்கே ஈடன் வேலியும் வடக்கே பிக்ஹார்னும் கிடைக்க 1940கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏழாம் உடன்படிக்கை மக்களின் முதியவர்கள் நினைவில் வைத்திருந்தவை 1996இல் தொகுக்கப்பட்டு நூலாக வந்தன. மொழிபெயர்ப்பின் போதாமை அந்த நூலில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி.

உடன்படிக்கைக்குப் பின் பள்ளிகள் வந்தன. 1887இல் அமெரிக்கப் பழங்குடி விவகார ஆணையர் ஆட்கின்ஸ், மிஷன் பள்ளிகள் உட்பட எங்கும் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் கற்பிக்கலாகாது என ஆணையிட்டார். கனடாவில் 1884இல் லெப்ரே பள்ளியும் 1891இல் ரெஜைனா பள்ளியும் திறக்கப்பட்டன. 1920இல் செய்த சட்டத் திருத்தம் ஏழு முதல் பதினைந்து வயதுக் குழந்தைகளைக் கட்டாயமாகப் பள்ளியில் சேர்க்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. மோர்லியின் விடுதிப் பள்ளி 1969 வரை நடந்தது. குழந்தைகள் தாய்மொழியில் பேசினால் தண்டனை. நகோடா வீடுகளில் குளிர்காலம்தான் கதைக்காலம். இக்தோமி என்னும் தந்திரக்காரனின் கதைகளைப் பனி விழும் மாதங்களில் மட்டுமே சொல்வார்கள். விடுதியில் அடைக்கப்பட்ட குழந்தைகளுக்கு அந்த மாதங்களே இல்லாமல் போயின. படித்து வெளியே வந்தவர்கள் தாம் பட்ட அடி தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலம் பேசினார்கள். அசினிபோயின் கிளை இந்த அடியில் வேகமாகச் சுருங்கியது. இன்று அதைச் சரளமாகப் பேசுவோர் முதியவர்கள் சிலரே. ஸ்டோனி மக்கள் மலையடிவாரத்தில் நெருக்கமாக வாழ்ந்ததால் அவர்களிடம் மொழி தாக்குப்பிடித்தது. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இன்றும் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பள்ளிகள் மொழியை அழித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் அறிஞர்கள் அதை எழுதத் தொடங்கினார்கள். ராபர்ட் லோவி 1907இல் மோர்லிக்கும் அடுத்த ஆண்டில் ஃபோர்ட் பெல்க்னாப்புக்கும் சென்று, 1909இல் தம் நூலை வெளியிட்டார். 1942இல் வந்த ‘நகோடா நாடு’ என்ற நூல் இன்னும் முக்கியமானது. ஃபோர்ட் பெக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லாங் என்ற அசினிபோயின் எழுத்தாளர், மொழி அறிந்த முதியவர்களைத் தாமே கேட்டு எழுதினார். வில்லியம் ஸ்டாண்டிங் என்ற அசினிபோயின் ஓவியர் படங்களை வரைந்தார். கேட்டவரும் சொன்னவரும் ஒரே மொழியினர் என்பதால் அந்த நூலில் இருக்கும் நிதானம் மற்றவற்றில் இல்லை. 1964இல் நார்மன் லெவினின் இலக்கண நூல் வந்தது. 1992இல் டக்ளஸ் பார்க்ஸும் ரேமண்ட் டிமாலியும் எழுதிய கட்டுரை ஒரு நெடுநாள் பிழையைத் திருத்தியது: யாங்க்டன் என்ற சூ பிரிவினர் நகோடா பேசுகிறார்கள் என்று பாடநூல்கள் சொல்லிவந்தது தவறு, தம்மை நகோடா என்று அழைப்பவர்கள் அசினிபோயின்களும் ஸ்டோனிகளுமே என்று காட்டினார்கள். 2005இல் லிண்டா கம்பர்லண்ட் இண்டியானா பல்கலைக்கழகத்தில் முழு இலக்கணத்தை ஆய்வேடாக அளித்தார். 2023இல் வின்சென்ட் கொலெட், கேரி த கெட்டில் ஊரின் வில்மா கென்னடியோடு இணைந்து தயாரித்த அகராதி வெளிவந்தது.

இன்று நகோடா கற்கத் தொடங்கும் ஒருவர் முதலில் எதிர்கொள்வது ஒலி. லக்கோட்டாவில் சொல்லின் நடுவே வல்லொலியாக நிற்கும் மெய், நகோடாவில் இரு உயிர்களுக்கிடையே மெலிந்து ஒலிக்கும். தமிழிலும் சொல்லின் நடுவில் வரும் ககரமும் பகரமும் இப்படியே நெகிழ்வதால் தமிழர் காதுக்கு இது இயல்பாகப்படும். ஸ்டோனியில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது: மற்றக் கிளைகளின் ‘ஸ’ அங்கே ஆங்கிலத்தில் மூன்றைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியாகிவிட்டது. கருப்பு என்பது லக்கோட்டாவில் ஸாபா; ஸ்டோனியில் தாபா. மோர்லி தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டு இப்போது மினி த்னி, அதாவது குளிர்ந்த நீர், என வழங்குகிறது. அந்தப் பெயரின் ‘த்’ இந்த ஒலியே. இத்தகைய மாற்றங்களால் அசினிபோயின் பேசுபவருக்கு ஸ்டோனி எளிதில் புரிவதில்லை. ஒரு கிளைக்கான பாடநூலை மற்றதற்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வாக்கிய அமைப்பு தமிழருக்கு எளிது: வினை கடைசியில் வரும்; வேற்றுமைப் பொருள் தரும் சொல் பெயருக்குப் பின்னால் வரும். நீயும் நானும் ஆகிய இருவர் மட்டும் என்பதற்குத் தனி வினைவடிவம் உண்டு. ஒரு செயலைச் செய்யும் ‘நான்’ ஒரு முன்னொட்டாலும், நோயுற்றிருக்கும் ‘நான்’ வேறொரு முன்னொட்டாலும் குறிக்கப்படும். கடினமானவை போக்குவரவு வினைகள். ஒருவர் போய்க்கொண்டிருக்கிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா, வருகிறாரா, வந்துவிட்டாரா என்பது மட்டும் போதாது; தன் இருப்பிடத்துக்குத் திரும்புகிறாரா, புதிய இடத்துக்குப் போகிறாரா என்பதையும் சேர்த்தே வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் எட்டு அடிப்படை வினைகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் வீடு எது என்ற உணர்வோடு பேசவேண்டிய மொழி இது. அட்டவணையை மனப்பாடம் செய்து இதைப் பிடிக்க முடியாது. கதவருகே நின்று போவோர் வருவோரைப் பார்த்துப் பேசிப் பழக வேண்டும். உறவுச்சொற்களும் அப்படியே. பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அண்ணனுக்கும் அக்காவுக்கும் சொல் மாறும் என்பதால், வகுப்பில் ஆசிரியர் சொன்னதை எல்லோரும் அப்படியே திருப்பிச் சொன்னால் பாதிப்பேர் தவறாகக் கற்பார்கள்.

மோர்லியில் 1970களில் நடந்த ஸ்டோனி பண்பாட்டுக் கல்வித் திட்டம், ரோமன் எழுத்தின் மேல் கூரைக்குறி இட்டு மூக்கொலி உயிர்களைக் காட்டும் முறையை உருவாக்கியது. பள்ளிப் புத்தகங்களும் பெயர்ப் பலகைகளும் இன்று அந்த முறையிலேயே எழுதப்படுகின்றன. 2020இல் கான்மோர் நகருக்கு அருகே இழிவான ஆங்கிலப் பெயர் சுமந்திருந்த சிகரம் ஒன்றுக்கு அனூ கத்தா ஈப்பா, வெண்தலைக் கழுகுச் சிகரம், என்ற ஸ்டோனிப் பெயர் சூட்டப்பட்டபோதும் இதே எழுத்துமுறை அரசு ஆவணத்தில் ஏறியது. அசினிபோயின் ஊர்களிலோ மொன்டானாவில் ஒரு எழுத்துமுறை, சஸ்காட்சவானில் ஒன்று, அகராதியில் இன்னொன்று. பேசுவோர் மிகக் குறைந்த மொழிக்கு இது தேவையற்ற சுமை. ஆனால் ஒவ்வோர் ஊரும் தன் பாட்டி சொன்ன ஒலியைக் காக்க விரும்புவதால் விட்டுக்கொடுப்பது எளிதாக இல்லை.

சட்டம் இப்போது மொழிகளின் பக்கம் நிற்கிறது. அமெரிக்கா 1990இலும் கனடா 2019இலும் பழங்குடி மொழிகளைக் காக்கச் சட்டம் இயற்றின. ஃபோர்ட் பெல்க்னாப்பிலும் ஃபோர்ட் பெக்கிலும் உள்ள பழங்குடிக் கல்லூரிகளிலும், ரெஜைனாவின் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் பல்கலைக்கழகத்திலும் நகோடா பாடமாக இருக்கிறது. ஸ்டோனி கல்வி அமைப்பு, மொழிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து பாடநூல்களும் கைபேசி அகராதியும் வெளியிட்டிருக்கிறது. அந்த அகராதிக்குச் சொல் திரட்டிய முறை குறிப்பிடத்தக்கது. அகர வரிசையில் சொல் கேட்காமல், முதியவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்தி, சமையல், வானிலை, உடல், குதிரை, கோபம் என ஒவ்வொரு பொருளாக எடுத்து அதைச் சார்ந்த எல்லாச் சொற்களையும் அவர்களே தமக்குள் பேசி நினைவுகூர விடுவார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். சொன்ன சொல் அங்கேயே ஒலிப்பதிவாகும். இந்த வேலை ஸ்டோனியில் முடிகிறது, ஏனெனில் ஒரு மேசையைச் சுற்றி அமர்த்துவதற்கு அங்கே போதிய முதியவர்கள் இருக்கிறார்கள். அசினிபோயின் ஊர்களில் பெரும்பாலும் ஒரு முதியவரும் ஒரு மாணவரும் மட்டுமே எதிரெதிரே அமர வேண்டியிருக்கிறது. அங்கே மாணவர்கள் லோவியின் குறிப்புகளிலிருந்தும் பழைய ஒலிநாடாக்களிலிருந்தும் சொற்களை எடுத்து, அவை சரியா என்று அந்த ஒருவரிடம் கேட்டுக் கற்கிறார்கள்.